பேக்கேஜ் கட்டும்போது பெயரும் லோகோவும்: எங்கெங்கே இடறுகிறது

பிறர் எழுதிய கட்டற்ற மென்பொருளை மாற்றி, நிறுவக்கூடிய பேக்கேஜாக வெளியிடுபவர்களுக்கு நான்கு பேரின் குறிப்புகள்.

டெப் பேக்கேஜ் பராமரிப்பாளர்

"ஜிபிஎல்தானே, பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம்" என்று நினைப்பதில்தான் முக்கால்வாசிச் சிக்கல் தொடங்குகிறது. ஜிபிஎல் போன்ற கட்டற்ற மென்பொருள் உரிமம் தருவது நிரலை மட்டும். வணிகக்குறிக்கு அனுமதி இல்லை என்று அப்பாச்சி உரிமம் 2.0 தன் 6ஆம் பிரிவில் நேராகவே சொல்லிவிடுகிறது. மொசில்லா பொது உரிமம் 2.0இல் 2.3ஆம் பிரிவும் அப்படியே. ஜிபிஎல் 3 எழுதும்போது, வணிகக்குறி அனுமதியை மறுக்கும் விதியைச் சேர்த்துக்கொள்ள 7ஆம் பிரிவில் இடம் விட்டிருக்கிறார்கள். ஆகவே லைசென்ஸ் கோப்போடு நிறுத்தாமல், அந்தத் திட்டத்தின் வணிகக்குறிக் கொள்கையையும் தேடிப் படியுங்கள். பேட்ச் (நிரலில் செய்யும் திருத்தம்) போட்டுக் கட்டிய பதிப்பை அதே பெயரில் வெளியிட விடுகிறார்களா என்பதை முதலில் பாருங்கள்.

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவும் 2006இல் முட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். பெயர் வேண்டுமானால் அதிகாரபூர்வ லோகோவும் கூடவே இருக்க வேண்டும், பேட்ச்களுக்கு ஒப்புதலும் வாங்க வேண்டும் என்றது மொசில்லா. லோகோவின் பதிப்புரிமை அப்போது கட்டற்ற உரிமத்தில் இல்லை. டெபியன் அதைச் சேர்க்க வழியில்லை. நிலைப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களை ஒப்புதலுக்காகக் காக்க வைக்கவும் முடியாது. அதனால் பெயர் ஐஸ்வீசல் ஆனது. 2016இல்தான் ஃபயர்ஃபாக்ஸ் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் பல தளங்கள், உலாவி தன்னை அறிவிக்கும் யூசர் ஏஜென்ட் வரியில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற சொல்லைத் தேடி, கிடைக்காததால் பக்கத்தைச் சரியாகத் தரவில்லை. "லைக் ஃபயர்ஃபாக்ஸ்" என்று அந்த வரியில் சேர்க்க வேண்டி வந்தது.

என்னைக் கேட்டால் அந்த மாற்றத்தில் பெரிய பாடம் பயனரின் அமைவுகள் இருக்கும் அடைவை (ஃபோல்டரை) பற்றியது. ஐஸ்வீசல் பழைய மொசில்லா அடைவையே தொட்டுக்கொண்டிருந்தது. பெயர் திரும்பியபோது யாருடைய புக்மார்க்கும் அசையவில்லை. மொசில்லாவின் தண்டர்பேர்டு அஞ்சல் செயலிக்கு டெபியன் அப்படியே வேறு பெயர் வைத்த ஐஸ்டவ் தனக்கென ஓர் அடைவு வைத்துக்கொண்டது. 2017இல் பழைய பெயருக்குத் திரும்பும்போது அஞ்சல்களை இடம்பெயர்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுத வேண்டியதாயிற்று. பயனர் கண்ணில் படும் பெயரை மாற்றுங்கள். புள்ளியில் தொடங்கும் அந்த அமைவு அடைவை முடிந்தவரை விட்டுவிடுங்கள்.

ஆர்பிஎம் (ரெட்ஹேட், ஃபெடோரா வகைப் பேக்கேஜ்) பக்கம் வேலை செய்பவர்

மேலே சொன்னதோடு ஒன்று. தயவுசெய்து மூல மரம் முழுவதிலும் செட் (sed, உரையில் தேடி மாற்றும் கருவி) என்ற ஒரே கட்டளையில் பெயரை மாற்றாதீர்கள். பதிப்புரிமை வரிகளும் சேர்ந்து மாறிவிடும். அது நேரடியான உரிம மீறல். வணிகக்குறியை நீக்கலாம், காப்பிரைட் அறிவிப்பை நீக்கக் கூடாது. ஹெடர் கோப்பின் பெயர், சோநேம் (நிரல் நூலகத்தின் அடையாளப் பெயர்), டி-பஸ் பெயர் (செயலிகள் ஒன்றையொன்று அழைக்கும் பெயர்) ஆகியவையும் மாறிப்போய், இதைச் சார்ந்த மற்ற பேக்கேஜ்கள் உடையும். அவை இயக்கத்துக்கான பெயர்கள், விளம்பரம் அல்ல. ரெட்ஹேட் லினக்ஸிலிருந்து கட்டிய சென்ட்ஓஎஸ், ரெட்ஹேட்டின் லோகோக்களை நீக்கி சென்ட்ஓஎஸ்-லோகோஸ் என்று தன் பேக்கேஜை வைத்தது. ஆனால் பழைய ஸ்கிரிப்டுகள் தேடும் ரெட்ஹேட்-ரிலீஸ் கோப்பை ஈட்சி (/etc) அடைவில் விட்டே வைத்தது.

ஃபெடோராவிலிருந்து சொந்த வழங்கல் கட்டுபவர்களுக்கு வழி தயாராக இருக்கிறது. ஃபெடோரா-ரிலீஸ், ஃபெடோரா-லோகோஸ் இரண்டையும் டிஎன்எஃப் ஸ்வாப் கட்டளையால் ஜெனரிக்-ரிலீஸ், ஜெனரிக்-லோகோஸ் என்று மாற்றுங்கள். பிறகு இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும் ஓஎஸ்-ரிலீஸ் கோப்பைத் திறந்து நேம், ப்ரெட்டி நேம், ஐடி மூன்றும் உங்கள் பெயரைச் சொல்கின்றனவா என்று பாருங்கள். ஐடி-லைக் வரியில் ஃபெடோரா இருக்கலாம். அது உண்மையைச் சொல்லும் வரி. பக் ரிப்போர்ட் முகவரியைப் பலரும் மறக்கிறார்கள். உங்கள் பேட்ச் உண்டாக்கிய பிழை மூல மென்பொருளை எழுதும் மேல்நிலைத் திட்டத்தின் வாசலில் போய் விழுவது அவர்கள் நேரத்தைத் திருடுவது. கிராஷ் ரிப்போர்ட்டரையும் அணைத்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பும் டெஸ்க்டாப் கோப்பும் பார்ப்பவர்

ஆங்கிலப் பெயரை கிரெப் என்ற தேடல் கட்டளையில் தேடி "ஒன்றும் மிச்சமில்லை" என்று நிம்மதியடைய முடியாது. மொழிபெயர்ப்புச் சரங்கள் இருக்கும் தமிழ் பிஓ கோப்பில் அது ஃபயர்ஃபாக்ஸ், பயர்பாக்ஸ் என்று தமிழெழுத்தில் உட்கார்ந்திருக்கும். செயலியை மெனுவில் காட்டும் டெஸ்க்டாப் கோப்பில் தமிழுக்கான நேம் வரி தனி. மூலச் சரத்தை மாற்றினால் மொழிபெயர்ப்பு ஃபஸி (மறுபடி சரிபார்க்க வேண்டியது) ஆகும். ஃபஸி சரங்களை எம்எஸ்ஜிஎஃப்எம்டி என்ற தொகுக்கும் கருவி சேர்த்துக்கொள்ளாது. பயனருக்குத் தமிழ் போய் ஆங்கிலம் தெரியும். ஆகவே மூலச் சரம், தமிழ்ச் சரம் இரண்டையும் சேர்த்தே திருத்தி, ஃபஸி குறியை எடுத்துவிடுங்கள்.

ஐகானில் 16 முதல் 256 பிக்சல் வரை எல்லா அளவையும், எஸ்விஜியையும் மாற்றுங்கள். ஓர் அளவு தப்பினாலும் பணிப்பட்டையில் பழைய லோகோ எட்டிப்பார்க்கும். கோப்பின் பெயரும் மாற வேண்டும். அசல் பேக்கேஜும் உங்களுடையதும் ஒரே பாதையில் ஒரே கோப்பை வைத்தால் டெபியனின் நிறுவும் கருவியான டிபிகேஜி நிறுவலையே நிறுத்திவிடும்.

துணைநிரல் வெளியிடுபவர்

பெயர் வைக்கும் வரிசையும் முக்கியம். பிஎச்பி நிரல்மொழியின் உரிமம் 3.01 இதை எழுதியே வைத்திருக்கிறது: "பிஎச்பி ஃபூ" என்று வைக்காதே, "ஃபூ ஃபார் பிஎச்பி" என்று சொல். உங்கள் பெயர் முன்னால், அவர்கள் பெயர் "உடன் இயங்கும்" என்ற விளக்கமாகப் பின்னால். அவர்கள் லோகோ உங்கள் ஐகானுக்குள் வேண்டாம்.

ஆர் வட்டக் குறியைப் பதிவான பெயருக்கு மட்டும் போடுங்கள். பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவதை இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் 107ஆம் பிரிவில் தடுக்கிறது. உங்கள் சொந்தப் பெயர் இன்னும் பதிவாகவில்லை என்றால் டிஎம் குறி போதும். லினக்ஸ் என்ற சொல் லினஸ் டோர்வால்ட்ஸின் பதிவுபெற்ற வணிகக்குறி என்ற ஒரு வரியை ரீட்மீயிலோ விவரப் பக்கத்தின் அடியிலோ சேர்த்துவிடுங்கள்.