ஸ்டோர்டு புரொசீஜருக்குள்ளிருந்து வெளி நிரலை அழைத்த அனுபவங்கள்

நாகர்கோவில் உறுப்பினர்:

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் பால் கொள்முதல் நிலையம். பாலின் எடையையும் மெட்ரோலாக் (பாலில் உள்ள ரப்பரின் அளவைக் காட்டும் மிதவைக் கருவி) அளவையும் வைத்து உலர் ரப்பரைக் கணக்கிட்டு, ரசீது வரியையும் கோத்துத் தரும் சி மொழி லைப்ரரி ஒன்றை, ஆரக்கிள் தரவுத்தளத்தில் சேமித்துவைத்த நிரலான ஸ்டோர்டு புரொசீஜர், வெளி நிரலை இயக்கித் தரும் எக்ஸ்ட்பிராக் என்ற ஏஜெண்ட் வழியாக அழைத்துவந்தது. ரசீதைத் தமிழில் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் தலைகாட்டியது.

காலை நேரம், வரிசை நீண்டுவிட்டது, வெயில் ஏறினால் பால் உறைந்துவிடும் என்று கேன்களில் அம்மோனியா சேர்த்துக்கொண்டிருந்தார்கள். குலசேகரத்துக்காரர்களுக்கு ரசீது ஒழுங்காக வந்தது. பேச்சிப்பாறைக்காரர் ஒருவரின் கணக்கைப் போட்டதும் ஓஆர்ஏ-28576, அதாவது வெளி நிரலை இயக்கும் ஏஜெண்டுடன் தொடர்பு அறுந்தது என்ற செய்தி. செஷனை, அதாவது தரவுத்தள இணைப்பைப் புதிதாகத் தொடங்கிப் போட்டாலும் அவருக்கு மட்டும் அதே செய்தி. அந்தப் பெரியவர் கேனைத் தரையில் இறக்கிவைத்து, "எனக்க பாலுல எதும் கொறை உண்டா மக்களே?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் இன்றுவரை என்னை விடாமல் உறுத்துகிறது.

பாலில் ஒரு குறையும் இல்லை. லைப்ரரியின் அமைப்பைச் சொல்லும் ஹெடர் கோப்பைத் திறந்து பார்த்தால், ஊர்ப் பெயருக்கு 30 பைட் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கு 3 பைட். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே 3 பைட் எடுக்கும். குலசேகரம் 27 பைட்டில் அடங்கிவிட்டது. பேச்சிப்பாறைக்கு 36 வேண்டும். ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தவரை இது யார் கண்ணிலும் படவில்லை.

தக்கலை உறுப்பினர்:

தம்பி, உங்களுக்குப் பிழைச்செய்தி வந்து வேலை நின்றதே, அதை நான் நல்லது என்றுதான் சொல்வேன். குளச்சலில் மீன் ஏலக் கணக்கு ஒன்றைப் பார்த்துவந்தேன். விற்பனையைப் பதிவு செய்யும் புரொசீஜரே, கமிட் ஆவதற்கு (பதிவு உறுதியாவதற்கு) முன், குறுஞ்செய்தி அனுப்பும் வெளி நிரலையும் அழைத்துவிடும். ஒருநாள் இரண்டு கவுண்ட்டர்கள் ஒரே கணக்கைத் தொட்டதில் ஓஆர்ஏ-00060 டெட்லாக், அதாவது ஒன்றுக்காக மற்றொன்று காத்து முட்டிநிற்கும் பிழை வந்து, புரொசீஜர் அதுவரை செய்த முழுவதையும் ரோல்பேக் செய்தது, அதாவது பழைய நிலைக்குத் திருப்பியது. டேபிளில் ஒரு வரிகூட இல்லை. குறுஞ்செய்தி மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. வியாபாரி கைப்பேசியை நீட்டி, தொகையைக் காட்டி, மீனைக் கேட்கிறார். நமது திரையிலோ அப்படியொரு விற்பனையே இல்லை. வெளியே போன செயலை எந்த ரோல்பேக்காலும் திரும்ப அழைக்க முடியாது. ஆகவே எக்ஸ்ட்பிராக்கே வேண்டாம் என்பது என் கருத்து.

குழித்துறை உறுப்பினர்:

தக்கலை அண்ணன் சொல்வதை முழுவதும் ஏற்க இயலவில்லை. அங்கே பிழை எக்ஸ்ட்பிராக்கில் இல்லை, அழைத்த நேரத்தில் இருக்கிறது. வேலையைப் பின்னணியில் ஓட்டும் ஆரக்கிள் வசதியான டிபிஎம்எஸ்_ஜாப்பில் அந்த வேலையைப் போட்டிருந்தால், கமிட் ஆன பிறகுதான் அது தொடங்கும். ரோல்பேக் ஆனால் வேலையும் மறைந்துவிடும். அதேபோன்ற இன்னொரு வசதியான டிபிஎம்எஸ்_ஷெட்யூலரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அதில் வேலையை உருவாக்கும் செயலே கமிட் செய்துவிடும்.

என் அனுபவம் சிறியது. ஓர் அலுவலகத்தில் பிராசஸ் பட்டியலைப் பார்த்தபோது, எக்ஸ்ட்பிராக் ஆரக்கிள் பயனரின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. டேட்டா கோப்புகளை அழிக்கும் உரிமை உள்ள பயனர் அது. யாரோ எழுதிய லைப்ரரிக்கு அந்த உரிமை கிடைத்திருக்கிறது என்று கண்டதும் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆகையால், எக்ஸ்ட்பிராக்கை லிஸ்னர் (இணைப்புக் கோரிக்கைகளை ஏற்கும் நிரல்) வழியாக இயக்குவோர் இதற்கென்று உரிமை குறைந்த ஒரு பயனரின் கீழ்த் தனி லிஸ்னர் வைத்துக்கொள்ளுங்கள். எந்த லைப்ரரிகளை ஏற்றலாம் என்று சொல்லும் எக்ஸ்ட்பிராக்_டிஎல்எல்ஸ் மாறியில் 'ஒன்லி' என்று தொடங்கி, தேவையான லைப்ரரியின் பாதையை மட்டும் குறிப்பிடுங்கள். வெளி லைப்ரரியைத் தரவுத்தளத்தில் பதிவு செய்யும் கிரியேட் லைப்ரரி உரிமையைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டாம். அழைக்கும் ஒவ்வொரு செஷனுக்கும் ஓர் எக்ஸ்ட்பிராக் பிராசஸ் தொடங்கி, செஷன் முடியும்வரை நிற்கும் என்பதால், கனெக்‌ஷன் பூல் (திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) வைத்திருப்போர் நினைவகத்தைக் கவனிக்க வேண்டும். லைப்ரரி திருப்பி அனுப்பும் சரங்களுக்கு (எழுத்துத் தொடர்களுக்கு) மேக்ஸ்லென் என்ற உச்ச நீள அளவையும் சேர்த்து அனுப்புங்கள். மற்றொரு தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வரில் 2005 பதிப்பு முதல், இயங்குதளக் கட்டளைகளை ஓட்டும் எக்ஸ்பி_சிஎம்டிஷெல் தொடக்கத்திலேயே அணைக்கப்பட்டிருக்கிறது; அதைத் திறந்துவிடும்படி யார் கேட்டாலும் காரணத்தைக் கேளுங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சி ஃபங்ஷன் சர்வர் பிராசஸுக்குள்ளேயே ஓடுவதால், அது விழுந்தால் எல்லாச் செஷன்களும் அறுபடும். அந்த வகையில் ஆரக்கிளின் தனி பிராசஸ் முறை எனக்குப் பிடித்தமானது.

நாகர்கோவில் உறுப்பினர்:

நன்றி, அண்ணா. மேக்ஸ்லென் எங்களுக்கு உதவவில்லை. வெளியே வரும் சரத்தின் அளவைத்தான் அது சொல்லும், லைப்ரரிக்குள் ஒதுக்கிய 30 பைட்டை அது காக்காது. மூல நிரலை எழுதிக் கொடுத்தவர்களிடம் கேட்டிருக்கிறோம். அது வரும்வரை ஊரின் குறியீட்டு எண்ணை மட்டும் லைப்ரரிக்கு அனுப்பி, தமிழ்ப் பெயரை, புரொசீஜர் எழுதும் ஆரக்கிள் மொழியான பிஎல்/எஸ்க்யூஎல்லிலேயே ரசீதில் சேர்க்கிறோம். 39 பைட் கொண்ட மார்த்தாண்டம் வரை சோதித்துப் பார்த்தாயிற்று.