பார்லி முளைகட்டலில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்கள்: சோதனை அமைப்பில் உதவி தேவை

குழுவிலுள்ள உணவுத் தொழில்நுட்ப, வேதியியல் துறையினருக்கு வணக்கம்.

பார்லியை ஊறவைக்கும் நீரில் துத்தநாக ஆக்சைடு நானோ துகள்களைச் சேர்த்தால் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) தரமும் அதன்பின் நடக்கும் நொதித்தலும் எவ்வாறு மாறுகின்றன என்பதை முதுகலை ஆய்வுக்காகச் சோதிக்கவுள்ளேன். முளைக்கருவிலிருந்து வரும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன், விதையின் மாவுப்பகுதியைச் சூழ்ந்துள்ள அலூரோன் அடுக்கைத் தூண்டி, மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் நொதியை உருவாக்கச் செய்கிறது. துகள்கள் இந்தக் கட்டத்தில் குறுக்கிட்டால், மாவுச்சத்து சர்க்கரையாவதே தடைபடலாம். ஈஸ்ட்டுக்கோ துத்தநாகம் சிறிதளவு இன்றியமையாதது. மிஞ்சினால் அதுவே நஞ்சு.

துத்தநாக ஆக்சைடு அமிலச் சூழலில் கரைந்து அயனிகளை வெளியிடும் என்பதால், பிஎச் 5.2 முதல் 5.6 வரை உள்ள மால்ட் கூழில் நான் காணப்போகும் விளைவு துகளுடையதா, கரைந்த அயனியுடையதா என்று பிரித்தறிவதே என் சிக்கல். ஒப்பீட்டுக்காக, அதே அளவு துத்தநாகம் கொண்ட துத்தநாக சல்பேட் கரைசலையும் சாதாரணப் பருமனுள்ள ஆக்சைடுத் தூளையும் வைக்க எண்ணியுள்ளேன். (வெள்ளித் துகள்கள் பார்லியைப் பாதிக்கும் ஃபியூசேரியம் பூஞ்சையோடு ஈஸ்ட்டையும் தாக்கக்கூடியவை என்பதால் அவற்றைத் தவிர்த்துவிட்டேன்.) இந்த ஒப்பீடு போதுமா?

மையவிலக்கு நுண்வடிகட்டியால் துகள்களைப் பிரித்து, வடிநீரிலுள்ள துத்தநாகத்தை ஐசிபி-எம்எஸ் (தனிமங்களை மிகச் சிறு அளவிலும் அளக்கும் நிறை நிறமாலைமானி) கருவியில் அளந்த அனுபவமுள்ளவர்கள், வடிகட்டிச் சவ்வைப் புரதம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று விளக்க வேண்டுகிறேன். மால்ட் கூழை வடித்தபின் எஞ்சும் சக்கை மாட்டுத் தீவனமாகப் போகக்கூடியது. அதில் தங்கும் துத்தநாகத்தை அளப்பதற்கு ஏற்ற அமிலச் செரிப்பு (மாதிரியை அமிலத்தில் சிதைத்துக் கரைத்தல்) முறையையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.