டிவில சாமி பாக்கும்போது சின்னப் பிள்ளைக கேட்டது: உங்க வீட்ல நடந்ததையும் சொல்லுங்க

தேவிபட்டினத்தான்:

சூரசம்ஹாரம் அன்னைக்கு நடந்தது, இன்னும் மனசுல கெடந்து உறுத்துது, அதான் எழுதுறேன். 2025 ஜூலைல திருச்செந்தூர் கும்பாபிஷேகம் முடிஞ்சதுல இருந்தே எங்கம்மாவுக்கு இந்த சஷ்டிக்கு அங்க போயே ஆகணும்னு. ஐப்பசி மழை, சின்னவனுக்கு நெஞ்சு சளி வேற, போக முடியல. சரி டிவில பாத்துக்குவோம்னு விரதத்தோட நாலு மணிக்கே டிவிக்கு முன்னாடி விளக்கேத்தி எல்லாரையும் தரையில ஒக்கார வச்சிட்டாங்க. சின்னவனுக்கு நாலு வயசு, என் மடியில இருந்தான். கடற்கரை பூரா தலை, ஜெயந்திநாதர், அதான் அங்க உள்ள முருகன், வந்து நிக்கிறாரு, சூரனத் தூக்கிக்கிட்டு சுத்தி சுத்தி வர்றாங்க, இவன் கைதட்டிக்கிட்டு பாக்குறான். மொதல்ல யானைமுகம் வருமில்ல, வேல் போய்த் தொட்டதும் தலையக் கழட்டுனாங்க, கூட்டம் அரோகரான்னு கத்துது, அம்மா கன்னத்துல போட்டுக்கிறாங்க, இவன் ஒரு அலறு அலறுனான் பாருங்க, "பிள்ளையார் தலைய வெட்டிட்டாங்கப்பா"ன்னு.

உப்பூர் வெயிலுகந்த பிள்ளையார்கிட்ட பொறந்ததுல இருந்து கூட்டிட்டுப் போறோம், அவனுக்குத் தெரிஞ்ச மொத சாமியே அவருதான். சிங்கமுகம், மாமரம், சேவல் எதையுமே அவன் பாக்கல, என் சட்டைக்குள்ள மூஞ்சியப் பொதச்சுக்கிட்டான். அம்மா, அது யானைமுகம் உள்ள அசுரன், தாரகாசுரன்னு கதையெல்லாம் சொன்னாங்க, காதுல ஏறுனாத்தானே. ராத்திரி படுக்கும்போது மெதுவாக் கேட்டான், "தம்பி ஏம்ப்பா அண்ணன வெட்டுனாரு?" பக்கத்துல அவங்கண்ணன் தூங்கிக்கிட்டு இருக்கான். எனக்கு ஒண்ணும் சொல்ல வரல.

தங்கச்சிமடம் அம்மா:

தம்பி, எங்க வீட்லயும் இப்படித்தான். 2020 பெரிய வெள்ளி, ஏப்ரல் 10, ஊரடங்குல போட்டெல்லாம் கரையில கெடக்கு, கோயில் பூட்டிக் கெடக்கு, வீட்டுக்காரரும் கொழுந்தனும் வீட்லயே. டிவில சடங்கு போட்டு எல்லாரும் முழங்கால்ல இருந்தோம், மாமியா தலையில முக்காடு போட்டு ஜெபமாலையோட. அன்னைக்கு சாமியார் வந்ததும் பாட்டு, மணி எதுவும் கிடையாது, பீடத்துக்கு முன்னாடி அப்படியே முகங்குப்புற விழுந்து கெடப்பாங்க, வருசா வருசம் பாக்குறதுதான். ஆனா எம்மக அப்ப ரெண்டாங்கிளாசு, கோயில்ல எப்பவும் பின்னாடி நின்னு கூட்டத்துக்குள்ள அவளுக்கு எதுவும் தெரிஞ்சதில்ல. டிவில கோயிலு காலியாக் கெடக்கு, ஓரமா ரெண்டு பேரு மாஸ்க் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க, சாமியாரு சத்தமில்லாம தரையில விழுந்து கெடக்காரு. "ஃபாதருக்கு கொரோனாவாம்மா, செத்துப்போயிட்டாரா?"ங்குறா.

மாமியா என்ன செஞ்சாங்க தெரியுமா, முழங்கால் வலிக்காரவுங்க, எந்திரிச்சு அந்த சிமெண்டுத் தரையில அதே மாதிரி குப்புறப் படுத்துட்டாங்க. "பாத்தியா தாயி, இது செத்துப்போறதில்ல, ஆண்டவருகிட்ட என்னால எதுவும் முடியாதுன்னு கெடக்குறது"ன்னு தரையப் பாத்தபடியே சொன்னாங்க. இவளும் போய் பக்கத்துல படுத்துக்கிட்டா. ஆனா அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு அவங்கப்பா மத்தியானம் குப்புறப்படுத்துத் தூங்குனா போதும், போய் மூக்குக்குக் கீழ விரல வச்சுப் பாப்பா. அத நெனச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு பதறும்.

கீழக்கரை ராத்தா:

எங்க வீட்ல பயம் இல்ல, வேற மாதிரி. மச்சான், அதான் என் வீட்டுக்காரங்க, சவுதில. உம்ரா போயிருந்தாங்க, நாங்க இங்க யூடியூப்ல மக்கா லைவ் போட்டுக்கிட்டு இருக்கோம். நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி அங்க, இங்க மஃரிபு பாங்கு சொல்லும்போது அங்க இன்னும் நல்ல வெயிலு. போன் பண்ணி, "கஃபாவச் சுத்துற தவாஃப் ஆரம்பிக்கிற பச்சை லைட்டுக்கு நேரா வந்துக்கிட்டு இருக்கேன், வெள்ளைக் குடை பிடிச்சிருக்கேன், மகன்கிட்ட சொல்லு"ன்னாங்க. எங்க பாத்தாலும் வெள்ளை, எங்க பாத்தாலும் குடை. மகன் டிவிகிட்டப் போயி மூக்கு திரையில இடிக்கிற மாதிரி நின்னு தேடுனான், தேடிக்கிட்டே இருந்தான், திடீர்னு "வாப்பா!"ன்னு ஒருத்தரத் தொட்டுக் காமிச்சான். அது அவங்க இல்ல, அந்த ஆளு நல்லா உயரம். உம்மா என் கையப் புடிச்சு அமுக்குனாங்க, சொல்லாதன்னு. அவன் அந்த ஆளு சுத்தி முடிச்சு கூட்டத்துல மறையுற வரைக்கும் கை ஆட்டிக்கிட்டே இருந்தான். இப்பவும் மக்கா லைவ் போட்டா "வாப்பா இந்தப் பக்கமாத்தான் வருவாங்க"ன்னு அதே எடத்துல விரல வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான். ஊருக்கு வந்தா நேர்ல கேப்பான், நீங்கதானே அதுன்னு.

ராம்நாடு வாத்தியார்:

மார்கழி ஆருத்ராவுக்கு உத்தரகோசமங்கை மரகத நடராஜருக்கு சந்தனம் களையுறத போன்ல லைவ்ல பாத்தோம், எம்பொண்ணு "வருசம் பூரா சாமி ஏன் பூசிக்கிட்டே இருக்காரு"ன்னு கேட்டா, மரகதம் மென்மையான கல்லு, அதிர்வு தாங்காதுன்னுதான் சந்தனக்காப்புல வச்சிருக்காங்கன்னு சொல்வாங்க, அதையே சொன்னேன், சரின்னுட்டா. அவ்வளவுதான் நம்ம கதை. ஆனா தேவிபட்டினம் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். நாலு வயசுப் பிள்ளைய சம்ஹாரத்துக்கு முன்னாடி ஒக்கார வச்சது சரியில்ல. அந்த வயசுல டிவில நடக்குறது வேற, நெசத்துல நடக்குறது வேறன்னு முழுசாப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. காட்டணும்னா முந்துன நாளே கதைய முழுசா சொல்லிருங்க, யாரு வருவா, என்ன ஆகும், கடைசில சூரனுக்கே மயிலாவும் சேவலாவும் சாமிகிட்ட எடம் கெடைக்குதுன்னு. முடிவு தெரிஞ்சா பிள்ளைக்கு நடுவுல பயம் வராது. சவுண்டக் கொறச்சு வைங்க, பாதி பயம் கூட்டத்தோட சத்தத்துலதான். எடையில விளம்பரம் வந்தா நிறுத்திட்டு என்ன பாத்தன்னு கேளுங்க. சாப்பாட்டுத் தட்டோட ஒக்கார வைக்காதீங்க. போன்ல தனியா பாக்க விடவே விடாதீங்க, அது முடிஞ்சதும் அடுத்து எது வரும்னு யாருக்கும் தெரியாது. எல்லாத்துக்கும் மேல, ஒங்களுக்கு பக்கத்துலயே பெருவயல் முருகன் கோயில் இருக்கு, அங்க கூட்டிட்டுப் போங்க. சூரன் மரத்துல செஞ்சது, பெயிண்ட் அடிச்சது, தூக்குறவங்க நம்ம ஊர்க்காரங்க, தலைய எப்படி மாட்டுறாங்கன்னு கிட்ட நின்னு பாத்தா பயம் போயிரும். டிவிலதான் அது உசுரோட தெரியுது.

தங்கச்சிமடம் அம்மா:

வாத்தியாரய்யா, கதைய முன்னாடியே சொன்னா பயம் வராதுங்குறீங்க, எம்மகளுக்கு பெரிய வெள்ளிக் கதை ஞாயித்துக்கெழமை மறைக்கல்வில சொல்லிக் குடுத்ததுதான், ஆண்டவர் மூணாம் நாள் உயிர்ப்பாருன்னும் தெரியும். அவ பயந்தது கதைய இல்லய்யா, ஒரு மனுசன் விழுந்து கெடந்தாரு, பக்கத்துல யாரும் போகல, அதத்தான். பிள்ளை எதப் பாத்து பயப்படும்னு முந்துன நாளே நமக்கு எப்படித் தெரியும்? சவுண்டக் கொறங்கங்குறீங்க, எங்க வீட்ல சத்தமே இல்லாததுதான் அவளப் பயமுறுத்துச்சு. பக்கத்துல ஒக்காந்திருக்கணும், கேட்டா அப்பவே பதில் சொல்லணும், நான் சொல்றது அது ஒண்ணுதான். ராத்தா, ஒங்க உம்மா கையப் புடிச்சு அமுக்குனது எனக்கு நல்லாப் பட்டுச்சு.

கீழக்கரை ராத்தா:

எனக்கு அதுதான் இன்னும் நல்லாப் படல அக்கா. வாப்பாவும் பொய் சொல்ல மாட்டாங்க, நானும் சொல்லல, ஆனா பிள்ளை ஒரு அந்நிய ஆள வாப்பான்னு நெனச்சு வச்சிருக்கான். மச்சான்கிட்ட சொன்னேன், போன்ல ஒண்ணுமே பேசல, அப்புறம் "நான் வந்து சொல்லிக்கிறேன்"ன்னாங்க.

தேவிபட்டினத்தான்:

வாத்தியாரய்யா, மழையில பெருவயலுக்கும் போக முடியாமத்தான் டிவி போட்டதே. ஆனா கிட்ட நின்னு பாக்கணும்னு சொன்னது எங்கம்மாவுக்குப் பிடிச்சிருக்கு, அடுத்த சஷ்டிக்கு அங்கதான்னு இப்பவே சொல்லிட்டாங்க. நேத்து அவங்க வேற ஒண்ணு செஞ்சு பாத்தாங்க, பிள்ளையாருக்கு ஒரு கொம்பு ஒடஞ்சிருக்கும்டா, அத வச்சு அடையாளம் தெரிஞ்சுக்கலாம், அந்த அசுரன் வேற ஆளுன்னு காலண்டர் படத்தக் காமிச்சு சொன்னாங்க. அவன் நல்லாப் பாத்துட்டு, வேல் பட்டதுலதான் அது ஒடஞ்சிருக்கும்குறான். பெரியவன் நடுவுல பூந்து, "நான் எதாவது செஞ்சா நீ என்ன வெட்டுவியாடா?"ன்னு கேட்டான். "நீ அசுரன் ஆனா மட்டும்"னு சொல்றான். இத எப்படி எடுத்துக்கிறதுன்னு பெரியவுங்க யாராவது சொல்லுங்க.