கோதுமையில் இலை நுனி கருகினாலே எல்ஆர்34 (இலைத்துரு நோயை எதிர்க்கும் ஜீன்) என்று எழுதிவிடலாமா?

துருவேட்டை: "கண்ணாடி இலை (கதிருக்குக் கீழே வரும் கடைசி இலை) நுனி கருகியிருந்தால் எல்ஆர்34 உறுதி, பிசிஆர் (டிஎன்ஏ சோதனை) வீண்செலவு" என்று விதைப்பித்தன் அடித்துவிட்டிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எல்ஆர்46, எல்ஆர்67 என்ற வேறு துரு எதிர்ப்பு ஜீன்கள் இரண்டும்கூட நுனியைக் கருக்கும். கண்ணால் எப்படிப் பிரிப்பீர்கள்?

விதைப்பித்தன்: பாதியை வெட்டி ஒட்டாதீர்கள். ஒரு பெற்றோரில் எல்ஆர்34 இருப்பது தெரிந்த கலப்பைப் பற்றித்தான் சொன்னேன். அதில் நுனி கருகினால் எல்ஆர்34தான்.

துருவேட்டை: இன்னொரு பெற்றோரில் எல்ஆர்46 இல்லை என்று பார்த்தீர்களா? மண்ணில் உப்பு ஏறினாலும், அனல்காற்று அடித்தாலும் நுனி கருகும். எல்ஆர்34 இருந்தும் நுனி பச்சையாகவே நிற்கும் வரிசைகள் உண்டு. அவற்றைக் களைந்து எறிவீர்களா? ஜீனை அடையாளம் காட்டும் டிஎன்ஏ குறியான சிஎஸ்எல்வி34 மார்க்கரை 2% அகரோஸ் கூழில் ஓட்டுங்கள். எல்ஆர்34 இருந்தால் 150 பேஸ் (டிஎன்ஏ துண்டின் நீளம்) அளவில் பட்டை, இல்லையென்றால் 229. ஜீனின் இரு வடிவமும் கொண்ட கலப்புநிலைச் செடியில் இரண்டும் விழும்.

செந்துகள்: அந்த மார்க்கர் ஜீனுக்கு உள்ளேயா இருக்கிறது? 0.4 சென்டிமார்கன் (குரோமோசோமில் இடைவெளியைச் சொல்லும் அளவு) தள்ளி. 2009லேயே ஜீனைப் பிரித்தாகிவிட்டது, அது உருவாக்குவது ஏபிசி டிரான்ஸ்போர்ட்டர் (சவ்வு வழியே பொருள்களைக் கடத்தும் புரதம்). உள்ளே இருக்கும் மாற்றத்தையே பார்க்கலாமே.

துருவேட்டை: 0.4க்கு மறுசேர்க்கை, அதாவது மார்க்கரும் ஜீனும் பிரிந்துபோவது, ஆயிரத்தில் நாலு. நுனி பார்ப்பவர் தவறவிடுவது அதைவிட எவ்வளவோ அதிகம்.

வயல்வரப்பு: இந்த அரைகுறை எதிர்ப்புக்கா இவ்வளவு சண்டை? நாற்றில் 20 டிகிரியில் துரு வித்துகளைத் தூவினால் வகை 3 கொப்புளம் (நோய் பிடித்ததன் அடையாளம்) வருகிறது. தண்டுத்துருவை எதிர்க்கும் எஸ்ஆர்31 மாதிரி ஒரே ஜீனில் சுத்தமாக நிற்பதல்லவா எதிர்ப்பு?

துருவேட்டை: எஸ்ஆர்31 நின்ற லட்சணம் 1998ல் உகாண்டாவில் தெரிந்தது, யுஜி99 என்ற தண்டுத்துரு இனம் அதைத்தான் உடைத்தது. எல்ஆர்34 வளர்ந்த செடியின் எதிர்ப்பு. நாற்றில் 3 வருவது அதன் இயல்பு. கண்ணாடி இலையில் கொப்புளம் சிறுத்து, தாமதமாக வரும். இலையில் துரு எவ்வளவு சதவீதம் என்று கணிக்கும் மாற்றிய காப் அளவில் எடுங்கள். தனியாக நின்றால் நோய் கடுமையான வருடத்தில் போதாது, இப்படி நாலைந்தைச் சேர்த்தால்தான் காப்பாற்றும். சேர்க்கும்போது எது உள்ளே வந்தது என்று நுனியா சொல்லும்?

வயல்வரப்பு: போன மாதம் எஸ்ஆர்31 கூடவே வந்த ரை தானியத்தின் குரோமோசோம் துண்டு மாவைப் பிசுபிசுப்பாக்கும் என்றபோதும் என்னிடம் இப்படித்தான் பாய்ந்தீர்கள்.

துருவேட்டை: அது அந்தத் துண்டிலுள்ள செக்கலின் புரதம் செய்யும் வேலை, எஸ்ஆர்31 செய்வதல்ல. அன்றும் இதையேதான் சொன்னேன்.

விதைப்பித்தன்: ஆயிரக்கணக்கில் எஃப்2 (கலப்பின் இரண்டாம் தலைமுறை) செடி நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் டிஎன்ஏ எடுக்க முடியாது. முதல் கழிவுக்கு நுனிதான்.

துருவேட்டை: முதல் கழிவிலேயே எல்ஆர்34ஐக் கழித்துவிடுவீர்கள். உப்பு மண்ணில் கருகிய நுனியைப் படம் போடுகிறேன், எந்த ஜீன் என்று சொல்லுங்கள்.

விதைப்பித்தன்: பெற்றோர் விவரத்தோடு போடுங்கள், சொல்கிறேன்.