சர்வர் மாற்றியதும் பில் பக்கம் வெள்ளையாக வருகிறது, அவசரம்

நெல்லைக்காரன்: நேற்று இரவு சர்வர் மாற்றினோம். காலையிலிருந்து பில் பக்கம் வெறும் வெள்ளைத் திரை. கோடில் எதையும் தொடவில்லை. ஒரு வருடமாக இதைச் சீரமைக்க நாள் கேட்கிறேன்; மேனேஜர் "ஒன்பது வருடமாக ஓடுகிறதே" என்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

அரைக்காப்பி: பில் பக்கம் பிஎச்பி மொழியில்தானே? எந்த வெர்ஷனிலிருந்து எதற்கு மாறினீர்கள்? எரர் லாகில் என்ன இருக்கிறது?

மொட்டைமாடி: மெமரி லிமிட்தான். 512 எம்பி வையுங்கள். எனக்கு மூன்று தடவை இதுதான்.

பழையபெருங்காயம்: லாக் பார்க்காமல் கேள்வி, கேள்வி புரியாமல் மருந்து. தம்பி, கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

நெல்லைக்காரன்: 5.6-இலிருந்து 8.2. டேட்டாபேஸோடு இணைக்கும் மைஎஸ்கியூஎல்_கனெக்ட் என்ற ஃபங்ஷனே இல்லை என்கிறது லாக்.

அரைக்காப்பி: அந்த வகை ஃபங்ஷன்களை 2015 டிசம்பரில் வந்த 7.0-லேயே எடுத்துவிட்டார்கள். 5.6-க்குப் பாதுகாப்புத் திருத்தமும் 2018-ஓடு நின்றுபோனது. அவற்றுக்குப் பதிலாக உள்ள மைஎஸ்கியூஎல்ஐ ஃபங்ஷன்களுக்கு மாற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஃபைண்ட்-ரிப்ளேஸ் போடாதீர்கள். க்வெரி ஃபங்ஷனில் பழையதில் கனெக்‌ஷன் கடைசியில் வரும், புதியதில் முதலில். இன்றைக்குக் கடை ஓட வேண்டுமானால் பழைய சர்வருக்கே திருப்பிவிடுங்கள்.

மொட்டைமாடி: எதற்கு ஒட்டுப்போடுகிறீர்கள்? லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில் முழுசாகப் புதிதாக எழுதிவிடுங்கள். டெக்னிக்கல் டெட், அதாவது பழைய கோடில் சேர்ந்த கடன், ஒரேயடியாகத் தீரும்.

பழையபெருங்காயம்: 1992-இல் அந்த உவமையைச் சொன்ன புரோகிராமர் வார்ட் கன்னிங்ஹாம் கடன் என்று சொன்னது, அன்றைய புரிதலில் எழுதிவிட்டு, விளங்க விளங்கத் திருத்துவதை. கன்னாபின்னாவென்று எழுதிவிட்டு அதற்குக் கடன் என்று பெயர் வைப்பதை அல்ல.

மொட்டைமாடி: கடனோ கந்துவட்டியோ, கட்டப்போவது நெல்லை சார்தானே? உங்களுக்குப் பெயர்தான் முக்கியம்.

பழையபெருங்காயம்: முழுசாக எழுதி முடிக்கும்வரை பில் யார் போடுவார்கள், நீங்களா?

கணக்குப்பிள்ளை: சண்டையை அப்புறம் போடுங்கள். நெல்லை சார், மேனேஜரிடம் கோட் பேசாதீர்கள், நாள் கணக்குப் பேசுங்கள். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டியில் 12, 28 விழுக்காட்டில் இருந்த பெரும்பாலான பொருட்கள் 5-க்கும் 18-க்கும் மாறினவே, உங்களுக்கு எத்தனை நாள் பிடித்தது? எங்களிடம் விகிதத்தை முப்பது ஃபைல்களில் நேராக எழுதி வைத்திருந்தார்கள். நான்கு நாள் போனது. அதில் ஒரு ரிட்டர்ன் பில்லை விட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தனி. ஒரே டேபிளில் இருந்திருந்தால் அரை மணி நேரம். அந்த வித்தியாசம்தான் வட்டி. இனி ஒவ்வொரு வேலையிலும் பழைய கோடால் போன மணியை எக்செல்லில் குறித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதை நீட்டினால், "எப்போது சரிசெய்யலாம்" என்று அவரே கேட்பார். எங்களவர் கேட்டார்.

அரைக்காப்பி: நெல்லை சார், பில் என்ன ஆயிற்று?

நெல்லைக்காரன்: பழைய சர்வருக்கே திருப்பிவிட்டேன், பில் வருகிறது. நன்றி. மேனேஜர் "அதான் ஓடுதே" என்கிறார். எக்செல் தொடங்கிவிட்டேன், முதல் வரி நேற்று இரவு. புது சர்வரில் சோதித்தபோது தமிழ்ப் பெயர்கள் எல்லாம் குப்பையாகத் தெரிந்தன. அதற்குத் தனி இழை போடுகிறேன்.

அரைக்காப்பி: மைஎஸ்கியூஎல் எந்த வெர்ஷன்? எழுத்தைச் சேமிக்கும் முறை பழையதில் இயல்பாக லத்தீன்1, 8.0-இல் இயல்பே யுடிஎஃப்8எம்பி4. பேக்கப் இல்லாமல் டேபிளை கன்வர்ட் செய்துவிடாதீர்கள். நெல்லை சார்?