தட்டம்மை வந்து போனால் உடம்பு உரம் ஏறுமாம்!

பொருநைக்காரன்:
நேற்று வேறோர் இழையில் மண்வாசம் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. “தட்டம்மை ஒருதடவை வந்து போகட்டும், ஊசியை விட அதுதான் பிள்ளைக்கு உரம்” என்று எழுதியிருக்கிறார். அதற்கு வரிசையாக விருப்பக்குறி வேறு. தட்டம்மை உரம் ஏற்றாது ஐயா, இருக்கிற உரத்தையும் உருவிக்கொண்டு போகும். நெதர்லாந்தில் ஊசி போடாத 77 பிள்ளைகளின் ரத்தத்தை அம்மைக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அந்தப் பிள்ளைகள் சேர்த்து வைத்திருந்த ஆன்டிபாடிகளில், அதாவது கிருமியை எதிர்க்கும் புரதங்களில், 11 முதல் 73 விழுக்காடு வரை அழிந்திருந்தது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மண்வாசம்:
சொல்கிறேன். வட அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாரோ தீவுகளில் 1781இல் தட்டம்மை வந்தது. அப்புறம் 1846 வரை எட்டிப் பார்க்கவில்லை. 1846இல் திரும்ப வந்தபோது தீவில் இருந்த ஏழாயிரத்துச் சொச்சம் பேரில் ஆறாயிரம் பேர் படுத்தார்கள். ஆனால் 1781இல் அம்மை கண்டிருந்த முதியவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. பானும் என்ற டென்மார்க் மருத்துவர் நேரில் போய் எழுதியது. 65 வருஷம்! எந்த ஊசி 65 வருஷம் தாங்கியிருக்கிறது?

பொருநைக்காரன்:
ஊசி வந்ததே 1963இல். அது 1781லிருந்து தாங்க வேண்டுமா?
நான் கேட்டது 73 விழுக்காடு. நீங்கள் சொல்வது தட்டம்மை திரும்ப வராது என்பது. அதை யார் மறுத்தது? நினைவு செல்கள் என்று டி செல்லும் பி செல்லும் உடம்பில் இருக்கின்றன, பழைய கிருமிகளின் அடையாளம் அவற்றிடம்தான் இருக்கிறது. அந்தச் செல்களின் மேல் இருக்கும் சிடி150 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் தட்டம்மை வைரஸ் உள்ளே போகிறது. வைரஸ் புகுந்த செல்களை உடம்பே கொன்று தீர்க்கிறது. காலியான இடத்தில் நிரம்புவது பெரும்பாலும் தட்டம்மையை மட்டும் அறிந்த புதுச் செல்கள். பிள்ளைக்குத் தட்டம்மை வராது, சரி. நிமோனியா வருமே, பேதி வருமே!

மண்வாசம்:
77 பேர். வெறும் 77 பேரை வைத்து உலகத்துக்கே சட்டம் போடுகிறீர்கள். 11க்கும் 73க்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்த்தீர்களா? இதெல்லாம் ஒரு கணக்கா? 65 வருஷம், ஒரு தீவு முழுக்க. அதுதான் கணக்கு.

சோழநாட்டான்:
பொருநை அண்ணே, கொரோனா நேரத்தில் கபசுரக் குடிநீரைப் பற்றி நீங்கள் பேசிய பேச்சை இங்கே யாரும் மறக்கவில்லை. தமிழ்நாடு அரசே வீடு வீடாகக் கொடுத்தது. அன்றைக்கு எங்களை முட்டாள் என்றீர்கள். இன்றைக்கு எதிர்ப்பு சக்திக்கு வகுப்பு எடுக்கிறீர்கள்.

பொருநைக்காரன்:
தம்பி, இது தட்டம்மை இழை. முட்டாள் என்று நான் சொல்லவே இல்லை, ஆதாரம் கேட்டேன். நீங்கள் தரவில்லை, இன்றுவரை தரவில்லை.
மண்வாசம், 77 பேர் போதாதென்றால் 1908க்குப் போங்கள். வியன்னாவில் பிர்கே என்ற குழந்தை மருத்துவர், காசநோய்த் தோல் சோதனையில் தடித்துச் சிவந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தட்டம்மை வந்ததும் அந்தத் தடிப்பே எழாமல் போனதைப் பார்த்து எழுதினார். உடம்பு காசநோய்க் கிருமியை அடையாளம் காண முடியாமல் நின்றது. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்த விஷயம் இது.

மண்வாசம்:
எங்கள் அப்பத்தாவுக்கு ஊசியும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அம்மை வந்தது, வேப்பிலையில் படுத்து எழுந்தார், தொண்ணூறு தாண்டி வாழ்ந்தார்.

பொருநைக்காரன்:
அப்பத்தாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் தங்கினார்கள்? அதையும் சொல்லுங்கள்.

மண்வாசம்:
செத்தவர்களை இழுத்து வாதம் பண்ணுகிற ஆள் நீங்கள் என்று தெரிந்துபோனது. மட்டுறுத்துநர் கவனிக்கவும்.

சோழநாட்டான்:
இவர் பாணியே இதுதான். கபசுர இழையிலும் என் அப்பாவை இழுத்தார்.

செவிலி_விருதுநகர்:
நான் கிராமத்தில் ஊசி போடுகிறவள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்சப்பில் வந்த வதந்தியைக் கேட்டுப் பிள்ளையை வீட்டிலேயே பூட்டி வைத்த தாய்மார்களைப் பார்த்தேன். குப்பியில் பொடியாக இருக்கும் தடுப்பு மருந்தில் கரைசலைக் கலந்துவிட்டால் 4 மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் பிள்ளை வராவிட்டால் மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். எத்தனை குப்பி அப்படிப் போனது! தட்டம்மை கண்ட பிள்ளைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்கிறோமே, ஏன்? கண் போகக் கூடாது, உயிர் போகக் கூடாது என்றுதான். உரம் ஏறுகிற நோய்க்கு இது எதற்கு?

பொருநைக்காரன்:
அப்படிக் கேளுங்கள் அக்கா. 2019இல் பசிபிக் தீவு நாடான சமோவாவில் தட்டம்மையால் 83 பேர் செத்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிஞ்சுகள். 73 விழுக்காட்டை எண்ணிப் பார்க்க அவர்கள் பிழைக்கவே இல்லை.

மண்வாசம்:
அதே சமோவாவில் 2018இல் ஊசி போட்டு இரண்டு குழந்தைகள் செத்ததை ஏன் மறைக்கிறீர்கள்?

செவிலி_விருதுநகர்:
கரைசலுக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மருந்தைக் கலந்துவிட்டார்கள். போட்ட செவிலியர் இருவரும் சிறைக்குப் போனார்கள். தடுப்பூசி கொல்லவில்லை தம்பி. அந்தச் சாவுக்குப் பயந்து அங்கே ஊசியை நிறுத்தி வைத்தார்கள், பெற்றோரும் பிள்ளைகளைக் கொண்டு வராமல் இருந்தார்கள். அடுத்த வருஷம்தான் அந்த 83.

மண்வாசம்:
ஆக, ஊசி போட வந்தவர்கள் கையில்தான் செத்தார்கள். ஒப்புக்கொண்டதற்கு நன்றி. ஃபாரோவில் யாரும் கரைசல் கலக்கவில்லை. 65 வருஷம்.

பொருநைக்காரன்:
அக்கா சொன்னதைப் படித்தீர்களா, இல்லையா? ஃபாரோவிலும் 1846இல் நூற்றுக்கு மேல் செத்தார்கள், அதைப் பானும் எழுதியதிலிருந்து விட்டுவிட்டீர்களே. 65ஐ இன்னும் பத்துமுறை எழுதினாலும் நான் கேட்டது அப்படியே நிற்கிறது. மற்ற கிருமிகளுக்கான ஆன்டிபாடி எங்கே போனது?

சோழநாட்டான்:
முதலில் கபசுரத்துக்குப் பதில் சொல்லுங்கள் அண்ணே, பிறகு ஆன்டிபாடியைத் தேடலாம்.

பொருநைக்காரன்:
தனி இழை திறங்கள், வருகிறேன். 11 முதல் 73. மண்வாசம், இன்னும் பதில் வரவில்லை.