அவசரம்: கேரக்டர் ஷீட் "வெற்றுப் பக்கம்" என்கிறது, சனிக்கிழமை முதல் ஆட்டம்

வெண்கோல்_மதுரை:
வணக்கம். சனிக்கிழமை ராத்திரி எனக்கு முதல் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு) ஆட்டம். டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) அனுப்பிய கேரக்டர் ஷீட், அதாவது என் பாத்திரத்தின் விவரத் தாள், பிடிஎஃப்பைத் திறந்தால் "வெற்றுப் பக்கம்" என்றுதான் வருகிறது. விதிப் புத்தகம் என்று இன்னொன்று அனுப்பினார், அதில் வரிகள் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. மேப் சுத்தமாக வேலை செய்யவில்லை. ஃபைட்டர் (போர்வீரன்) பாத்திரம் எடுத்திருக்கிறேன். யாராவது உடனே சொல்லுங்கள்.

குகைவாசி:
போனா, கம்ப்யூட்டரா? எந்த எடிஷன்? நேரில் ஆடுகிறீர்களா, ஆன்லைனா? போன் என்றால் பிடிஎஃப் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். எனக்கு எப்போதும் அதில்தான் சரியாகும்.

பகடைப்_பித்தன்:
டவுன்லோடு பாதியில் நின்றிருக்கும், வேறொன்றும் இல்லை. ஃபைல் எத்தனை எம்பி? ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

வெண்கோல்_மதுரை:
முழு அளவு இறங்கிவிட்டது. எனக்குப் பார்வை கிடையாது, திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் வைத்திருக்கிறேன். விண்டோஸ் லேப்டாப். ஆட்டம் ஆன்லைனில், டிஸ்கார்ட் அரட்டை ஆப்பில்.

மூத்த_மந்திரவாதி:
தம்பி, இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இரண்டு பேருடைய நேரம் மிச்சமாகியிருக்கும். கேள்வி கேட்கும் முறை பற்றி மேலே ஒரு பதிவை நிரந்தரமாக ஒட்டி வைத்திருக்கிறேன், அதைப் படித்துவிட்டு வாருங்கள். அப்புறம், பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப் புத்தகத்தை முழுதாகப் படிக்காமல் மேசையில் உட்காருவதை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. நாங்களெல்லாம் 300 பக்கத்துக்கு மேல் வரி வரியாகப் படித்த பிறகுதான் பகடையைத் தொட்டோம்.

ஒலிவழி:
வெண்கோல், நானும் பார்வையற்றவன், பல வருடமாக ஆடுகிறேன். முதல் ஆட்டத்துக்கு 300 பக்கம் தேவையில்லை. ஃபைட்டருக்கு மூன்று நான்கு பக்கம் போதும்.

முதலில் ஒரு சோதனை. அந்த பிடிஎஃப்பில் கன்ட்ரோல்+ஏ, கன்ட்ரோல்+சி அழுத்தி நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எதுவுமே விழவில்லை என்றால் அது வெறும் படம், ஸ்கேன் செய்தது. என்விடிஏ விசையோடு ஆர் அழுத்தினால் விண்டோஸே எழுத்தை அடையாளம் கண்டு சொல்லும். ஆனால் கேரக்டர் ஷீட்டில் எண்கள்தான் உயிர், அவற்றில்தான் அது அதிகம் தடுமாறும். அதனால் அதை நம்பி ஆட உட்காராதீர்கள்.

விதிப் புத்தகம் கலந்து வருவதற்குக் காரணம் இரண்டு பத்தி அமைப்பு. இடது பத்தியின் வரி முடிந்ததும் வலது பத்தியின் வரிக்குத் தாவிவிடும். அதோடு போராட வேண்டாம். எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். ரசிகர்கள் அதைச் சாதாரண இணையப் பக்கங்களாக மாற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஹெச் விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம், டி விசையால் அட்டவணைக்குப் போகலாம். உங்கள் டிஎம் 2014 விதியில் நடத்துகிறாரா, 2024 விதியிலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 என்றால் 5.2 தொகுப்பு.

ஷீட்டை டிஎம்மிடம் வேர்டு ஃபைலாகக் கேளுங்கள். கட்டம், படம் எதுவும் வேண்டாம், தலைப்பும் வரிகளும் போதும். "வாள்: அடிக்க +5, சேதம் 1டி8+3" என்று ஒரே வரியில் இருக்க வேண்டும். 1டி8 என்றால் எட்டுமுகப் பகடை ஒன்று. வலிமை 16 என்றால் +3, முதல் லெவலில் ப்ரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான கூட்டல்) +2, அதுதான் அந்த +5.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். சில குரல்களில் கழித்தல் குறி வாசிக்கப்படாமல் போகும். 8 மதிப்புள்ள திறனுக்கு −1. அதை "ஒன்று" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆட்டம் முழுக்கக் கூட்டிக்கொண்டிருப்போம். என்விடிஏ+பி அழுத்தி நிறுத்தற்குறி அளவை உயர்த்துங்கள், இல்லையென்றால் ஷீட்டில் "கழித்தல் 1" என்று எழுத்தாலேயே போடச் சொல்லுங்கள்.

எளிமைவிரும்பி:
ஒலிவழி சொன்னது சரி, ஆனாலும் எதற்கு டி அண்ட் டி? டன்ஜன் வேர்ல்ட் ஆடச் சொல்லுங்கள். சாதாரண ஆறுமுகப் பகடை இரண்டு. 10, அதற்கு மேல் வந்தால் வெற்றி, 7 முதல் 9 வரை வந்தால் ஏதோ விலை கொடுத்து வெற்றி, அதற்குக் கீழே சிக்கல். கட்டமே கிடையாது, தூரத்தை "கிட்டே", "தூரத்தில்" என்று சொல்லால்தான் குறிப்பார்கள். நான் புதிதாக வருகிற எல்லாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

குகைவாசி:
அவர் சேரும் குழு டி அண்ட் டி ஆடுகிறது, அவரும் அதற்குத்தான் உதவி கேட்கிறார். சனிக்கிழமைக்குள் ஒரு குழுவையே மாற்றச் சொல்வது உதவியா?

பகடைப்_பித்தன்:
பகடைக்கு என்ன செய்வீர்கள்? பிரெய்ல் பகடை கிடைக்கிறது, 3டி பிரின்டரிலும் எடுக்கலாம்.

ஒலிவழி:
என்னிடம் இருக்கிறது. இருபது முகத்திலும் பிரெய்ல் பதிய வேண்டும் என்பதால் கைக்கு நன்றாகவே பெரிது. பழகாத விரல் மேல்முகத்தைத் தேடும்போதே பகடை புரண்டுவிடும். அடியில் துணி ஒட்டிய தட்டில் உருட்டி, இடது கையால் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு வலது சுட்டுவிரலால் மேலே மட்டும் தடவ வேண்டும். டிஸ்கார்டில் என்றால் இப்போதைக்குப் பகடை உருட்டித் தரும் அவ்ரே பாட் போதும். ஆச்சரியக்குறி, ஒட்டியே ஆர், ஓர் இடைவெளி, பிறகு 1டி20+5. விடை எழுத்தாக வரும், என்விடிஏ வாசித்துவிடும். ஒரு காதில் மட்டும் இயர்போன் போடுங்கள், இல்லையென்றால் என்விடிஏ பேசுகிற நேரத்தில் டிஎம் சொல்வது போய்விடும்.

மூத்த_மந்திரவாதி:
பகடை இருக்கட்டும். மேப் விஷயத்தை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். இந்த ஆட்டம் 1974இல் கைகாக்ஸும் ஆர்னெசனும் வெளியிட்டது, பொம்மை வீரர்களை நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. கட்டம் இல்லாமல் தந்திரம் இல்லை. ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் 20 அடி ஆரம். அதில் யார் யார் சிக்கினார்கள் என்று வாயால் எப்படித் தீர்ப்பது? டிஎம் தன் இஷ்டத்துக்குச் சொல்லுவார். அது கதாகாலட்சேபம், ஆட்டம் அல்ல.

எளிமைவிரும்பி:
இதனால்தான் டன்ஜன் வேர்ல்ட் என்கிறேன்.

ஒலிவழி:
மூத்தவரே, உங்கள் கேள்விக்கு டிஎம்முக்கான கையேடான 2014 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடிலேயே பதில் இருக்கிறது. கட்டம் இல்லாமல் ஆடும்போது உருண்டை வடிவ மந்திரத்துக்கு ஆரத்தை ஐந்தால் வகுக்க வேண்டும். 20 அடி என்றால் நான்கு பேர் சிக்கியதாகக் கணக்கு. டிஎம்மின் இஷ்டம் என்பதற்கு அதில் இடமே குறைவு.

கட்டம்தான் வேண்டும் என்றாலும் கண் வேண்டியதில்லை. சதுரங்கப் பலகை மாதிரி ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நான் சி3இல், எதிரியான கோப்ளின் (குட்டிப் பூதம்) ஜி5இல். குறுக்கே நான்கு, நெடுக்கே இரண்டு. பெரியது எதுவோ அதை ஐந்தால் பெருக்கு, 20 அடி. 2014 விதிப்படி மூலைவிட்டமும் 5 அடிதான், அதனால் இந்தக் கணக்கு பிசகாது. என் ஃபைட்டர் ஒரு சுற்றில் 30 அடி போவான், ஆக எட்டிவிடுவான். மற்றவர்கள் கட்டத்தை எண்ணி முடிப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன்.

நேரில் ஆடும்போது அட்டையில் சணல் கயிற்றை ஃபெவிகால் போட்டு ஒட்டிக் கட்டம் செய்துகொள்வேன். நாங்கள் நான்கு பேரும் நான்கு விதச் சட்டைப் பொத்தான், எதிரிகள் புளியங்கொட்டை, தலைவன் சோழி. ஹெச்பி (உயிர்ப் புள்ளி) கணக்குக்குப் பாட்டி வீட்டுப் பல்லாங்குழி. ஒரு குழி பத்து, ஒரு குழி ஒன்று.

மூத்த_மந்திரவாதி:
அந்த நான்கு பேர் கணக்கு வழிகாட்டுதல்தான், விதி அல்ல. நான் நடத்தும் மேசையில் ஏற்க மாட்டேன். மூலைவிட்டத்தை 5, 10 என்று மாற்றி மாற்றி எண்ணுவதுதான் நியாயம், அதுவும் அதே புத்தகத்தில் இருக்கிறது.

குகைவாசி:
அதுவும் விருப்ப விதிதான். நீங்கள் ஒன்றை ஏற்கலாம், அவர் ஒன்றை ஏற்கக்கூடாதா?

பகடைப்_பித்தன்:
மூலைவிட்டம் பற்றித் தனி இழையே இருக்கிறது. அங்கேயும் இதே ஆட்கள்தான்.

மட்டுறுத்துநர்:
மூலைவிட்ட வாதத்தை அந்த இழைக்கு நகர்த்துகிறேன். ஸ்கேன் செய்த புத்தகங்களின் சுட்டி யாரும் இங்கே போட வேண்டாம். வெண்கோல், வேலை ஆனதா?

வெண்கோல்_மதுரை:
நோட்பேடில் ஒன்றும் விழவில்லை, படம்தான். டிஎம் வேர்டில் அடித்து அனுப்பிவிட்டார், ஹெச் வேலை செய்கிறது. 2014 விதிகள்தான். கரிஸ்மா எனக்கு ஒன்று என்றுதான் கேட்டிருந்தது, உண்மையில் கழித்தல் ஒன்று. மேப்புக்கு எழுத்தும் எண்ணும் சொல்கிறேன் என்றார். ஒரே சந்தேகம். எதிரி ஒளிந்திருந்தால் எனக்குச் சொல்வாரா? நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஒலிவழி:
கேட்க வேண்டியதில்லை. உங்கள் ஃபைட்டருக்குக் கண் நன்றாகத் தெரியும். அவன் பார்ப்பதையெல்லாம் டிஎம் சொல்லியாக வேண்டும், அதில் சலுகை எதுவும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் முறை வரும்போது மூன்று விஷயம் சொல்லச் சொல்லுங்கள்: பக்கத்தில் யார், எந்தக் கட்டத்தில், நடுவில் மறைப்பு ஏதாவது உண்டா. ஒளிந்திருக்கும் கோப்ளினுக்கு விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அதற்காக டிஎம் ஸ்டெல்த்துக்கு (ஒளியும் திறனுக்கு) உருட்டுவார், 2014 கோப்ளினுக்கு +6. உங்கள் பாசிவ் பெர்செப்ஷன் (தேடாமலேயே கவனிக்கும் அளவு) என்பது பத்தோடு விஸ்டம் திறனுக்கான கூட்டல், பெர்செப்ஷனில் பயிற்சி இருந்தால் இன்னும் 2. கோப்ளினுக்கு அதைவிடக் குறைவாக விழுந்தால் நீங்கள் கேட்காமலேயே அவர் சொல்ல வேண்டும். அந்த எண்ணை ஷீட்டின் முதல் வரியில் போட்டுக்கொள்ளுங்கள், ஆட்டத்தில் அடிக்கடி கேட்பார்கள்.

வெண்கோல்_மதுரை:
பாசிவ் பெர்செப்ஷன் 11. போட்டுவிட்டேன். நன்றி அண்ணா.